மூன்றாவது வழக்கு

நோர்வேயில் சட்டம் படித்து முடித்த கையோடு யாரும் வழக்கறிஞர் ஆகிவிடுவதில்லை. இதை எங்கள் சனத்துக்கு விளங்கப்படுத்தியே எனக்கு வாய் உளைந்துபோயிற்று. பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த கிழமையே அம்மா ஒஸ்லோவின் ரொம்சோஸ் பகுதியில் இருக்கிற தமிழ் வீடு அத்தனைக்கும் சொல்லிவிட்டார், மகள் அப்புக்காத்து என்று. அந்தக் கிழமையிலிருந்தே கடையிலும் கோயிலிலும் என்னை மறித்து விவாகரத்து, விசா, வாடகை வீடு என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். "நான் இன்னும் லோயர் இல்லை, அன்ரி" என்றால், "ஓமோம், அடக்கம் நல்லதுதான் பிள்ளை" என்று முதுகைத் தடவிவிட்டுப் போவார்கள். அடக்கமாவது மண்ணாங்கட்டியாவது!

பட்டம் வாங்கிய பிறகும் ஆகக்கூடியது பயிலுநர்தான். நோர்வேக்காரர் அதை ஃபுல்மெக்டிக் என்பார்கள். அதற்கும் சும்மா ஆகிவிட முடியாது. பட்டம் வேண்டும். பொலிஸிடமிருந்து நன்னடத்தைச் சான்று வேண்டும். "இவளுக்கு நான் பொறுப்பு" என்று கையெழுத்து வைக்க அனுபவமுள்ள வழக்கறிஞர் ஒருவர் வேண்டும். முதல் இரண்டும் தபாலில் வந்து சேர்ந்தன. அந்த ஒருவர் வரத்தான் இரண்டு பனிக்காலம் எடுத்தது. எத்தனை அலுவலகங்களுக்கு எழுதினேன் என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன். அதிகாலையில் அஞ்சல் பிரிக்கும் நிலையத்தில் வேலை, பகலில் விண்ணப்பம். எல்லாரும் மரியாதையாகத்தான் மறுத்தார்கள். மரியாதையான மறுப்பை வாங்கி வாங்கி மனிதருக்கு வருகிற களைப்பு இருக்கிறதே, அது நித்திரை கொண்டால் போகாது.

கடைசியில் ஒருவர் எடுத்தார். மத்திய ரயில் நிலையத்துக்குப் பின்னால், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் தனியாக அலுவலகம் வைத்திருந்த நோர்வேக் கிழவர். நல்ல உயரம், குறைந்த பேச்சு. நேர்முகத்தில் என்னிடம் இரண்டு கேள்விதான் கேட்டார். "தமிழ்க் கட்சிக்காரர்கள் வருவார்களா?" என்றார். வருவார்கள் என்றேன். "கோப்பி குடிப்பீர்களா?" என்றார். தேத்தண்ணி என்றேன். அடுத்த திங்கட்கிழமையே வரச் சொல்லிவிட்டார்.

பயிலுநராக இரண்டு வருடம் வேலை செய்ய வேண்டும். அதோடு, நீதிமன்றத்தில் மூன்று வழக்குகளை நானே எழுந்து நின்று வாதாடி முடித்திருக்க வேண்டும். எதிர்த்தரப்பு வந்து, சாட்சி பேசி, நீதிபதி தீர்ப்பு எழுத வேண்டும். இடையில் சமாதானமாகப் போன வழக்கு கணக்கில் வராது. இரண்டு வருடத்தில் மூன்று வழக்கு என்ன பெரிய வேலை என்றுதான் நானும் நினைத்தேன்.

எங்கள் ஆட்களைப் பற்றி எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இவர்கள் சண்டை பிடிப்பார்கள். சங்கத்தில் கதிரை எறிவார்கள். ஒரே மாடியில் இருந்துகொண்டு பத்து வருடம் முகம் பார்க்காமல் இருப்பார்கள். ஆனால் கோடு ஏறுவது, அதாவது நீதிமன்றப் படி மிதிப்பது என்றால் மானம் போன மாதிரி. வழக்குப் போடுவார்கள், நாள் கிட்டக் கிட்ட நெஞ்சு பதைக்கத் தொடங்கிவிடும். "கண்டறியாத கோடு, ஊர் சிரிக்கப் போகுது" என்று வீட்டில் பெண்சாதி சொல்வார். ஸ்டோவ்னரில் கூட்டாகக் கடை நடத்திப் பிரிந்த இருவரின் வழக்கு நீதிமன்ற வாசல் வரைக்கும் வந்தது. நீதிபதி வரக் கொஞ்சம் பிந்திவிட்டார். அதற்குள் என் கட்சிக்காரர் வீட்டிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்கைத் திறந்தார். எதிரிக்கும் ஒரு கப் ஊற்றினார். அவ்வளவுதான், வழக்கு முடிந்தது. நான் கறுப்பு அங்கியைப் போட்டுக்கொண்டு, பேச வேண்டியதைப் பாடமாக்கிக்கொண்டு, ஒரு மூலையில் மரம் மாதிரி நின்றேன். எனக்கு ஒரு வாய் தேத்தண்ணி தர வேண்டுமென்று இருவருக்கும் தோன்றவில்லை.

முடிந்த இரண்டு வழக்கும் நோர்வேக்காரர்களுடையவைதான். கிழவர் தன் பழைய ஆட்களிடமிருந்து எடுத்துத் தந்தார். மூன்றாவதைத் தர அவரிடம் ஆள் இல்லை. வருகிறவர்கள் குறைந்துகொண்டே போனார்கள். ஒரு நாள் அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, ஜூன் கடைசியில் அலுவலகத்தை மூடப் போவதாகச் சொன்னார். முழங்கால் வலி, படி ஏற முடியவில்லை, அதோடு வயதும் ஆகிவிட்டது என்றார். என் இரண்டு வருடமும் அதோடு முடிகிறது; அதற்குள் மூன்றாவது வழக்கும் முடிந்தால் நான் வழக்கறிஞர். முடியாவிட்டால் பொறுப்பெடுக்க இன்னொருவரைத் தேடி மறுபடியும் முதலிலிருந்து எழுத வேண்டும்.

அந்த நேரத்தில்தான் டாக்ஸி ஓட்டுகிற ஒரு அண்ணை வந்தார். ஹவுகன்ஸ்டுவாவில் வீடு வாங்கியிருந்தார். விற்றவரும் தமிழர், இரண்டு கட்டடம் தள்ளி இருப்பவர். குடிவந்து மூன்றாம் மாதம் குளியலறை நிலத்துக்குக் கீழே தண்ணீர் ஒழுகி, கீழ்வீட்டுக்காரரின் முகடு ஊறிப்போயிற்று. விற்றவருக்கு அது முன்பே தெரியும் என்பது இவருடைய கட்சி. சத்தியமாகத் தெரியாது என்பது அவருடைய கட்சி. இரு வீட்டுப் பெண்களும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள், இப்போது கடையில் கண்டால் அரிசி மூட்டைப் பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள். அண்ணை கையால் மேசையில் அடித்தார்.

"தங்கச்சி, நான் இதை விடமாட்டன். அவர் கோட்டிலை நிண்டு சொல்லவேணும்."

"பேந்து இடையிலை மனம் மாறமாட்டியளே அண்ணை?"

"என்ன கதை கதைக்கிறியள்! எனக்கு ரோசம் இல்லையே?"

எனக்கு அந்த மனிதரின் ரோசத்தைக் கும்பிட வேண்டும்போல் இருந்தது. நீதிமன்றம் சமாதானம் பேசச் சொல்லி இரண்டு தடவை கேட்டது. இரண்டு தடவையும் மாட்டேன் என்றார். ஜூன் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமையை விசாரணைக்குக் குறித்தார்கள். அலுவலகம் மூட அதற்குப் பிறகும் நாட்கள் மிச்சம் இருந்தன.

அங்கி கிழவருடையது. எனக்கு அது நிலத்தில் இழுபடும். அம்மா அதை மடித்து, பிறகு பிரிக்கத்தக்கதாக நூலோட்டம் போட்டுத் தந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அதைப் போட்டுக்கொண்டு அறைக் கண்ணாடிக்கு முன் நின்று முன்னுரையைப் பேசிப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொலைபேசி அடித்தது. டாக்ஸி அண்ணை.

"தங்கச்சி, அவையின்ர அப்பா யாழ்ப்பாணத்திலை மோசம் போட்டாராம். இப்ப தான் கேள்விப்பட்டனான்."

"ஆற்றை?"

"வீடு வித்தவற்ரை. செவ்வாய்க்கிழமை எங்களுக்குக் கோடு. நான் செத்தவீட்டுக்குப் போகலாமோ, கூடாதோ? சட்டத்திலை ஏதும் பிழை வருமோ?"

ஒரு நோர்வே வழக்கறிஞர் என்றால் என்ன சொல்லியிருப்பார்? விசாரணை முடியும்வரை எதிர்த்தரப்பை நேரில் காண வேண்டாம், ஒரு அனுதாப அட்டை அனுப்புங்கள் என்று சொல்லியிருப்பார். எனக்கும் அதைத்தான் படிப்பித்தார்கள். ஆனால் என் வாய் யோசிக்கவில்லை. "இதென்ன கேள்வி அண்ணை, செத்தவீட்டுக்குப் போகாமல் விடுறதே? போட்டு வாங்கோ" என்று சொல்லிவிட்டு, அங்கியோடு கட்டிலில் இருந்துவிட்டேன்.

அது போரால் பாதை பூட்டியிருந்த காலம். யாழ்ப்பாணத்துக்குத் தரைவழி இல்லை, போக நினைத்தாலும் எரிப்பதற்குள் போய்ச் சேர ஏலாது. தகப்பனுக்குக் கொள்ளி வைக்க வேண்டிய மகன் ஒஸ்லோவில் ஒரு வீட்டு விறாந்தையில் கதிரை அடுக்கிக்கொண்டு, வருகிறவர்களை வரவேற்றுக்கொண்டிருப்பார். பிரேதம் இல்லாத செத்தவீடு. நடுவில் ஒரு படம், ஒரு விளக்கு. டாக்ஸி அண்ணையின் தகப்பனும் அப்படித்தான் போனவர் என்று எனக்குத் தெரியும். வழக்குக் கதைக்கிற நேரத்தில் ஒரு நாள் சொல்லி அழுதிருக்கிறார்.

அம்மாவும் போனார். எதிர்த்தரப்பு லோயர் என்றபடியால் நான் போகவில்லை. வெளியே வெயில் எறித்தபடியே இருந்தது. ஒஸ்லோவில் ஜூன் மாதத்து வெயில் லேசில் அணைவதில்லை. அம்மா வந்து கைப்பையைக்கூட இறக்காமல் சமையலறைக் கதிரையில் இருந்தார். நான் கேட்க விரும்பவில்லை. அவர் கேட்காமலே சொன்னார்.

"அந்த டாக்ஸிக்காரப் பெடியன் உள்ளை வந்தவுடனை மற்றவர் எழும்பிப் போய்க் கட்டிப் பிடிச்சவர், பிள்ளை. ரெண்டு பேரும் குழறி அழுதவை. 'உனக்குத்தான் தெரியும், உனக்குத்தான் தெரியும்' எண்டு சொல்லிச் சொல்லி அழுதவர். பாத்துக்கொண்டு இருந்த எங்களுக்கே நெஞ்சு வெடிச்சுப் போச்சு."

"சரி அம்மா."

"என்ன சரி?"

"ஒண்டுமில்லை. வழக்கு முடிஞ்சுது."

அம்மா என்னைப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் அவருக்கு விளங்கியது. "ஐயோ, என்ரை பிள்ளை" என்றார். நான் அன்றிரவுச் சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்கு அந்த இறந்த மனிதர் மீதே கோபம் வந்தது. இன்னும் ஒரு கிழமை இருந்துவிட்டுப் போயிருக்கக் கூடாதா? நான் பார்த்தறியாத ஒரு முதியவர், மகனை வருடக்கணக்காகக் காணாமலே கண் மூடியவர். அவரிடம் போய்க் கோபித்துக்கொண்டு கிடந்தேன். பிறகு வெட்கமாகவும் இருந்தது, கோபமும் போகவில்லை.

திங்கள் காலை அண்ணை அலுவலகத்துக்கே வந்துவிட்டார். விற்றவர் தானே ஆள் பிடித்துக் குளியலறையை உடைத்துக் கட்டித் தருவாராம், கீழ்வீட்டு முகட்டையும் பார்ப்பாராம். "நீங்கள் போகச் சொன்னபடியால்தான் தங்கச்சி. நான் போறதில்லை எண்டு தான் இருந்தனான்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, நினைத்துக்கொண்டு, "உங்களுக்கு ஏதும் நட்டமே?" என்று கேட்டார்.

"எனக்கென்ன நட்டம்" என்றேன்.

ஒரு சொல், "எழுத்தில் வந்தபிறகு பார்ப்போம், நாளைக்கு விசாரணை நடக்கட்டும்" என்ற ஒரு சொல் போதும், அந்த மனிதர் குழம்பியிருப்பார். அது பொய்யான ஆலோசனைகூட இல்லை. ஆனால் அந்த ஒப்பந்தம் அவருக்கு நல்லது, நீதிபதி எழுதப்போவதைவிட நல்லது. அது தெரிந்தும் அவரை வழக்குக்கு இழுத்தால், பொலிஸ் தந்த அந்த நன்னடத்தைச் சான்று பிறகு எனக்கு எதற்கு? உட்கார்ந்து சமாதான ஒப்பந்தத்தை எழுதினேன். நல்ல ஒப்பந்தம், ஓட்டை இல்லாமல்.

கிழவர் அதை இரண்டு தடவை வாசித்தார். "கட்சிக்காரருக்கு இதைவிட நல்ல முடிவு இல்லை" என்றார்.

"கணக்கில் வராது" என்றேன்.

"வராது" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தன்னால் ஒரு மாதம்கூட நீட்ட முடியாது, வாடகை ஒப்பந்தம் முடிகிறது, மன்னிக்க வேண்டும் என்றார். அவர் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசி நான் கேட்டதில்லை. வீட்டில் அம்மா அங்கியின் நூலோட்டத்தைப் பிரித்து, மினுக்கித் தந்தார். அதைக் கொண்டுபோய் அவருடைய அலுமாரியில் கொழுவிவிட்டு, அலுவலகக் கதவின் திறப்பைக் கொடுத்துவிட்டு, படி இறங்கினேன். மறுபடியும் அஞ்சல் நிலையம், மறுபடியும் விண்ணப்பம்.

இலையுதிர்காலத்தில் டாக்ஸி அண்ணையின் மகனுக்குப் பிறந்தநாள். வரமாட்டேன் என்று சொல்லிப் பார்த்தேன், விடவில்லை. நான் காலணியைக் கழற்றுமுன்னரே குளியலறையைத் திறந்து காட்டினார். புது ஓடு, புது நிலம், ஒரு சொட்டு ஈரம் இல்லை. விற்றவர் அங்கேதான் நின்றார், சொந்த வீடு மாதிரி எல்லாருக்கும் ரோல்ஸ் பரிமாறிக்கொண்டு. எனக்கு மட்டும் இரண்டு வைத்தார்.

"இவதான் எங்கட லோயர்" என்று அண்ணை வீடு முழுக்கக் கேட்கச் சொன்னார். "கோட்டு வாசல் மிதிக்கவிடாமல் முடிச்சுத் தந்தவ."

அவ்வளவுதான். ஒருவர் பின் ஒருவராக வந்து பக்கத்துக் கதிரையில் இருக்கத் தொடங்கினார்கள். தமையனோடு கடைப் பிரச்சினை, மருமகனோடு வீட்டுப் பிரச்சினை. எல்லாரும் கடைசியில் கேட்டது ஒன்றைத்தான்: நீங்கள் கோட்டுக்குப் போகாமல் முடித்துத் தருவீர்களாமே? நான் லோயர் இல்லை என்று சொல்லிச் சொல்லிக் களைத்துப்போனேன். ஒருவரும் நம்பவில்லை. கடைசியாக வந்திருந்த வயதான அம்மா ஒருவர், மகளின் விவாகரத்துக்காகக் கவலைப்படுகிறவர், என் முழங்காலில் கை வைத்து மெதுவாகக் கேட்டார்.

"மெய்யே பிள்ளை, உங்கட கேஸ் ஒண்டும் இதுவரை கோட்டுக்குப் போனதே இல்லையாமே?"

"ரெண்டு போனது அம்மா" என்றேன்.

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். முழங்காலில் தட்டிக்கொடுத்தார்.

"அதுக்கு ஏன் முகம் வாடுறியள்? ஆருக்கும் ஒண்டு ரெண்டு பிழையாப் போறதுதானே."