கோபுரத்தடிக் கண்ணாடி

ஈனிட் தர்க்கெட்டில் பத்தொன்பது வருடமாக எங்கள் பேராலயத்தில் சம்பளமில்லாமல் ஒட்டடை அடிக்கிறாள். செவ்வாய்தோறும் நாங்கள் ஆறு பெண்கள் நீளக் கம்புகளோடு போவோம். செத்துப்போன ஆயர்களின் கற்சிலைகளுக்கு மூக்குத் துடைப்போம். கணவர் போன பிறகு அவளுக்கென்று இருப்பது நாங்கள்தான். அவள் வீட்டு அலமாரித் தூசியில் விரலால் பெயர் எழுதலாம், அது வேறு விஷயம்.

நடுக்கோபுரத்தைத் தாங்கும் தூணில் ஒரு விரிசல் உண்டு. முதலில் கட்டிய கோபுரம் எழுநூறு வருடத்துக்கு முன் இடிந்து விழுந்ததால் இதையும் யாரும் முழுதாக நம்புவதில்லை. விரிசலின் குறுக்கே அடியில் ஒன்றும் உச்சியில் ஒன்றுமாகக் கண்ணாடிப் பட்டைகள் ஒட்டியிருக்கும். சுவர் மயிரிழை நகர்ந்தாலும் பட்டை உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். அதைக் கம்பு தொடக்கூடாது என்பது எங்களுக்கு முதல் நாள் பாடம்.

ஈஸ்டருக்கு முந்தைய செவ்வாய், அடிக் கண்ணாடிமேல் ஒரு சிலந்திவலை. ஈனிட்டின் கை சும்மா இருக்குமா? பட்டை உடைந்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் கட்டடப் பொறுப்பாளர் கிளைவ் அதைப் பார்த்தார். கோபுரத்தடியைக் கயிறு கட்டி மூடினார். பொறியாளர் வரும்வரை யாரும் மேலே ஏறக்கூடாது என்றார். ஈஸ்டர் ஆராதனையை வேறிடத்துக்கு மாற்றவும் பேச்சு எழுந்தது. சீட்டு வாங்கி வந்த பயணிகள் கயிற்றுக்கு இப்பால் நின்று படமெடுத்தார்கள்.

வியாழக்கிழமை தேநீர்க் கடையில் ஈனிட் என்னிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"மியூரியல், என்னை நிறுத்திடுவாங்களா? அப்புறம் செவ்வாக்கிழமை நான் எங்க போவேன்?"

எனக்குப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. "ஊரே நடுங்கிட்டிருக்கு, உனக்கு வாயத் திறக்க ரெண்டு நாளா? எந்திரி."

கயிற்றுக்குப் பக்கத்தில் காவலிருந்த கிளைவ் முழுவதையும் கேட்டுவிட்டு அப்படியே நாற்காலியில் சாய்ந்தார்.

"நேத்து ராத்திரி பூரா நான் தூங்கல, ஈனிட். உங்களத் திட்டக்கூடத் தோணல. மேல இருக்கறத ஒரு தடவ பாத்துட்டு வந்து கயித்த அவுத்துடறேன்."

அவர் படியேறியதும் ஈனிட் பையிலிருந்து பிஸ்கட் எடுத்துப் பாதியை எனக்குத் தந்தாள். இரண்டு நாளில் அவள் சாப்பிட்டது அதுதான் என்று நினைக்கிறேன்.

கிளைவ் இறங்கி வந்தார். கயிற்றில் கை வைக்கவில்லை.

"மேல யாராச்சும் ஒட்டடை அடிச்சீங்களா?"

"எங்க கம்பு அவ்ளோ உயரம் எட்டாதே," என்றேன்.

"அதுவும் உடைஞ்சிருக்கு."

ஈனிட் பிஸ்கட்டைக் கீழே வைத்தாள்.

"கிளைவ், அதுவும் நான்தான்னு எழுதிக்கோங்களேன்," என்றாள்.