பலகையில் படாத பந்து

போன சனிக்கிழமை சுவிஸின் பீல் நகரில் ஒரு கலியாணம். இங்கே நம்மவர் கலியாணங்களில் பாதி விளையாட்டு மண்டபங்களில்தான் நடக்கின்றன என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். தரை முழுக்கச் சிவப்பு விரிப்பு, நடுவில் மணவறை, வாசலில் பிளாஸ்டிக் வாழை. சாப்பாட்டு வரிசையில் நின்றபோது விரிப்பின் ஓரம் ஓரிடத்தில் மடிந்து கிடந்தது. அடியில் மரத்தரை, அதில் ஒரு வெள்ளைக் கோடு. நிமிர்ந்து பார்த்தேன். கூரையோடு மடக்கிவைத்த கூடைப்பந்து வளையத்துக்கு ரோசா நிறத் துணி சுற்றி, பலூன் கட்டியிருந்தார்கள். ஊரிலே எத்தனையோ மண்டபம் இருக்க, என்னை அழைத்தவர்கள் இதைத்தான் எடுத்திருக்கிறார்கள். வெளிப்புறத்தை மாற்றிக் கட்டியிருந்ததால் வந்து ஒரு மணி நேரமாகியும் எனக்குத் தெரியவில்லை. அது எங்கள் வளையம்.

“பிள்ளை, கொஞ்சம் நகருங்கோ, சோறு ஆறப்போகுது” என்றார் பின்னால் நின்ற ஐயா.

அந்தத் தரையில் ஒரு பருவம் முழுக்கப் பெண்கள் கூடைப்பந்து ஆடியிருக்கிறேன். ஆடினேன் என்பது கொஞ்சம் பெரிய கதை. பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரரின் வாங்கில் இருந்தேன். ஆனாலும் அது நாட்டின் மேல்மட்ட லீக்; அந்த வாங்கில் இருக்கவும் தகுதி வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். எங்கள் அணிக்கு அமெரிக்காவிலிருந்து வந்த கெய்லாவுக்கு அதுதான் தொழில். எனக்கோ பகலில் கடிகாரத் தொழிற்சாலை, மாலையில் பயிற்சி. பகல் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத திருகாணிகளோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து பந்தைத் தொட்டால் பூசணிக்காயைத் தூக்கியதுபோல் இருக்கும்.

மெழுகு போட்ட மரத்தரையின் வாசம் இப்போதும் எங்காவது வந்தால் கூடவே ரோல்ஸ் வாசமும் எனக்கு வந்துவிடும். காரணம் அம்மா. போட்டி முடிந்ததும் இரு அணியும் பார்வையாளரும் வாசல் கூடத்தில் நின்று எதையாவது கொறித்துக் கதைப்பது இந்த ஊர் வழக்கம், அப்பெரோ என்பார்கள். மற்ற வீட்டார் சீஸும் உப்பு பிஸ்கட்டும் கொண்டுவர, அம்மா பேர்னில் எங்கள் வீடு இருந்த பூம்ப்ளிஸிலிருந்து ரயிலில் ஒரு பெரிய பெட்டி நிறைய ஆட்டிறைச்சி ரோல்ஸ் சுமந்துவருவார். எங்களை அடித்துத் துவைத்துவிட்டுப் போன அணிகள்கூட அந்தப் பெட்டியைக் கண்டால் பஸ்ஸைக் காக்கவைக்கும்.

அம்மா பேர்னில் அலுவலகங்கள் துப்புரவாக்கும் வேலை செய்தார். சனிக்கிழமை முறையை யாரோடாவது மாற்றிக்கொண்டு ஒவ்வொரு வீட்டுப் போட்டிக்கும் வந்தார். அவருக்கு அதில் ஒரு பழைய ஆசை கிடந்தது. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட வலைப்பந்து அணியில் கோல் போடுகிறவர் அவர்தான். இறுதிப் போட்டிக்கு முதல்நாள் செல் குண்டுகள் விழத் தொடங்கி ஊரே இடம்பெயர்ந்தது. அந்தப் போட்டி பிறகு நடக்கவேயில்லை. “நடந்திருந்தால் நாங்கள்தான் வெண்டிருப்பம்” என்பார், நேற்று நடந்ததுபோல. தான் ஆடாத அந்த ஆட்டத்தை யாராவது தன் வீட்டார் ஆடிப் பார்த்துவிட வேண்டும் என்று அவர் இருந்தார்.

சிக்கல் என்னவென்றால், அம்மா கூடைப்பந்தையும் வலைப்பந்தின் கண்ணாலேயே பார்த்தார். வலைப்பந்தில் பந்தைப் பிடித்தால் நின்றுவிட வேண்டும். அதோடு ஓடினால் குற்றம். வளையத்துக்குப் பின்னால் பலகையும் கிடையாது. பந்து நேராக விழவேண்டும். ஆகவே யார் பந்தோடு ஓடினாலும் அம்மா எழுந்துவிடுவார்.

“ஓடாதை! பந்தோட ஓடாதை! றெஃபறி, உதைப் பாக்கேல்லையோ?”

கெய்லா பலகையில் படவைத்து விழுத்திய பந்துகளை அவர் புள்ளியாகவே மதிப்பதில்லை. “உது சுவரிலை எறிஞ்சு விழுத்தினது” என்பார். விதி வேறு என்று நான் எத்தனை தரம் விளக்கியிருப்பேன்! “ஓம், ஓம், தெரியும்” என்பார். அடுத்த கிழமை மறுபடி “ஓடாதை!” கடைசியில் அதன் அர்த்தத்தை நான் சொல்லப்போக, முழு அணிக்கும் அது பிடித்துப்போயிற்று. ஆட்டம் தொடங்குமுன் கைகளை ஒன்றாக அடுக்கி, கெய்லா தலைமையில் எல்லோரும் “ஓடாதை!” என்று கத்திவிட்டு ஓடுவார்கள். எதிரணிகள் ஏதோ மந்திரம் என்று நினைத்திருக்கும்.

என்னை மட்டும் களத்தில் இறக்கவில்லை. பயிற்சியாளர் நாதலி ஒரு வாக்கியத்தை ஜெர்மனில் தொடங்கிப் பிரெஞ்சில் முடிக்கிற பீல்காரி. நல்லவர்தான், ஆனால் தோற்றுக்கொண்டே இருக்கும் அணியில் பரிசோதனைக்கு ஏது இடம்?

“ஏன் பிள்ளை உன்னை விடேல்லை?” என்று திரும்புகிற ரயிலில் அம்மா கேட்பார்.

“விடுவினம் அம்மா.”

“ஓம், விடட்டும். எனக்கொண்டும் அவசரமில்லை” என்று யன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

பருவத்தின் கடைசி வீட்டுப் போட்டி. வெற்றி எங்களுக்கு இல்லை என்பது உறுதியான பிறகு நாதலி என் பக்கம் திரும்பித் தலையை ஆட்டினார். இறங்கினேன். கெய்லா எறிந்த பந்து என் கைக்கு வந்தபோது வளையம்வரை வழி வெறுமையாகக் கிடந்தது. ஓட வேண்டியதுதான். மேலே பார்வையாளர் வரிசையிலிருந்து வந்தது அந்தக் குரல்.

“ஓடாதை!”

நம்புங்கள், நின்றுவிட்டேன். ஓடுவேன் என்று நம்பிப் பக்கவாட்டிலிருந்து மறிக்கப் பாய்ந்த எதிரணிக்காரி என்னைத் தாண்டிப் போய்விட்டாள். நின்ற இடத்திலிருந்தே எறிந்தேன். வலை மட்டும் அசைந்தது. தோற்ற அணியின் கடைசிப் புள்ளிக்கு யார் கைதட்டுவார்கள்? அம்மா தட்டினார். “பலகையிலை படேல்லை!” என்று பக்கத்தில் இருந்த சுவிஸ்காரரிடம் தமிழிலேயே சொன்னார்.

அப்பெரோ முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு அம்மாவைக் காணவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தால், ஆடுகளத்தின் ஓரத்தில் குனிந்து பனிச் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். வெளிச் சப்பாத்தோடு தரையில் ஏறக்கூடாது என்பது மண்டபத்து விதி. அம்மா கோயில் வாசலில்போல இரண்டையும் ஒதுக்கி வைத்துவிட்டு, என் பழைய காலுறையோடு ஏறினார். கெய்லா பந்தை எறிந்தாள். அம்மா அதைப் பிடித்த பிடியைப் பார்க்க வேண்டுமே! இரண்டு காலும் தரையில் ஊன்ற, ஒரு காலில் சுழன்று, கை மேலே போக... குளிரங்கி போட்ட என் அம்மாவுக்குள் அந்தப் பள்ளிக்கூடப் பிள்ளை அவ்வளவு காலமும் நின்றுகொண்டிருந்தாள்.

பந்து வளையத்தின் விளிம்பில் ஒரு சுற்றுச் சுற்றி வெளியே விழுந்தது.

கெய்லா ஓடிப்போய் எடுத்து மறுபடி நீட்டினாள். அம்மா மணிக்கூட்டைப் பார்த்தார். வாசலில் காவலாளி திறப்புக் கோர்வையைக் குலுக்கிக்கொண்டு நின்றார்.

“காணும், போதும். ரயில் போயிடும். வாற சீசன் போடுறன்” என்றார்.

அடுத்த சீசன் வரவில்லை. அந்தக் கோடையில் கழகம் பெண்கள் அணியைக் கலைத்தது. கெய்லா வேறு நாட்டு அணிக்குப் போனாள். கொஞ்சக் காலம் “ஓடாதை” என்று குறுஞ்செய்தி அனுப்பினாள், பிறகு அதுவும் நின்றது. அம்மாவின் முழங்காலுக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. அதன் பிறகு வேறு நோய்கள் வந்தன. பிறகு அம்மா இல்லை.

கலியாண வீட்டில் ஆட்கள் குறைந்ததும் காவலாளியைத் தேடிப்போனேன். புதியவர், இளையவர். அந்த வளையத்தை ஒரு நிமிடம் கீழே இறக்க முடியுமா என்று கேட்டேன். அவர் சிரித்தார். இங்கே விளையாட்டு நின்று கனகாலம், மோட்டரைக் கழற்றிவிட்டார்கள், அது இனி இறங்காது என்றார். எதற்கு என்று மரியாதையாகக் கேட்டார், முதலில் ஜெர்மனில், பிறகு பிரெஞ்சில். எங்கள் அம்மா இன்னும் ஒரு பந்து போடவேண்டியிருக்கிறது என்பதை இரண்டிலும் எனக்குச் சொல்ல வரவில்லை.