டிராக்டர் பேட்டரியில் பேசிய மதியம்

ஒரு டிராக்டரை மீண்டும் கிளப்பத் தேவையான மின்சாரத்தில், என் குரலுக்கென்று எவ்வளவு எடுத்துக்கொள்ளலாம்? எண்பதுகளின் பிற்பகுதியில், ஐப்பசி மழை விடாமல் கொட்டிய ஒரு பகலில், உத்திரமேரூரை அடுத்த எங்கள் கிராமத்தில் இந்தக் கேள்வி என் முன் வந்து நின்றது.

ஏரிக்கரையில் ஓரிடத்தில் நீர் கசியத் தொடங்கியிருந்தது. கரைக்குக் கீழே கூலித் தொழிலாளர்களின் காலனி. கரை உடைந்தால் முதலில் போவது அந்த வீடுகள்தாம். மண் இருந்தது, ஆட்களும் இருந்தார்கள். மண்ணைக் கட்டி அடுக்கச் சாக்குகள்தாம் இல்லை. மின்சாரம் போய்விட்டது, தபால் நிலையத் தொலைபேசியும் வேலை செய்யவில்லை. உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலிக்காரனான என்னிடம், நானே கட்டிய டிரான்ஸ்மிட்டர் ஒன்று இருந்தது. வாலாஜாபாத்திலிருந்த என் வானொலி நண்பர் தினமும் மதியம் என் அழைப்புக்காகக் காத்திருப்பார். அவர் வீட்டைச் சுற்றிலும் அரிசி ஆலைகள், சாக்குக்குக் குறைவிருக்காது.

மண் ஏற்றிக்கொண்டிருந்த டிராக்டரின் பேட்டரியைக் கேட்டேன். அதன் உரிமையாளர் தயங்கினார்.

"ஏற்கெனவே டைனமோ பூட்ச்சி சார். பேட்டரில மிச்சம் கீறத வச்சித்தான் ஸ்டார்ட் பண்ணிகினு கீறேன். அதையும் நீ காலி பண்ணிட்டா, சேத்துல வண்டிய யாரு தள்றது?"

அவர் கேட்டது நியாயம். சாக்கு வந்தும் மண் வராவிட்டால் கரை நிற்காது.

என் டிரான்ஸ்மிட்டரில் ஒரு மின்னணுச் சுவிட்சு நொடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடும். அது விடும் துடிப்பு எவ்வளவு அகலமோ, அவ்வளவு ஆற்றல் வானில் செல்லும். குரலைச் சுமந்து செல்லும் அலைக்குக் கேரியர் என்று பெயர். நாம் வாய் திறக்காதபோதும் அது பேட்டரியைத் தின்றுகொண்டே இருக்கும். ஒரு குமிழைத் திருப்பித் துடிப்பைக் குறுக்கினால் கேரியர் குறையும். கொஞ்சம்தான் எடுப்பேன் என்று டிராக்டர்காரரைச் சம்மதிக்க வைத்துப் பேட்டரியை இணைத்து, கேரியரைக் கால்பங்குக்கு இறக்கி அழைத்தேன்.

பதில் உடனே வந்தது. "கேரியர் வருது சார். ஆனா குரல் கிழிஞ்சி கிழிஞ்சி வருது. ஒண்ணுமே புரியல."

"பவர ஏத்து சார்!" என்று சுற்றி நின்றவர்கள் கத்தினார்கள். நான் ஏற்றவில்லை. குறை எங்கே என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கேரியரைச் சிறிதாக்கிவிட்டு, மைக்கின் அளவைப் பழையபடியே விட்டிருந்தேன். சுமக்கும் அலை இளைத்தால் அதன்மேல் ஏற்றும் குரலும் இளைக்க வேண்டும். மைக்கின் குமிழையும் இறக்கி, மெதுவாகப் பேசினேன்.

டிராக்டர்காரருக்குப் பொறுக்கவில்லை. "ஏரி ஒடையப் போவுதுன்னு கீறோம், நீ இன்னா சார், பொண்ணு பாக்க வந்தவன் கணக்கா பேசிகினு கீற?"

"இப்ப தெளிவா இருக்கு சார், சொல்லுங்க" என்றது வானொலி.

எங்கே கசிவு, எத்தனை சாக்கு, எந்தச் சாலையில் வரலாம் என்பதைச் சின்னச் சின்ன வாக்கியங்களில் சொன்னேன். ஒவ்வொன்றையும் சொன்னதும் கேரியரை அணைத்துவிட்டுப் பதிலைக் கேட்டேன். லாரியோடு வருவதாக நண்பர் சொன்னவுடன் பேட்டரியைக் கழற்றிக் கொடுத்தேன்.

டிராக்டர் ஒருமுறை முனகியது, மறுமுறை கிளம்பியது.

"பொயச்ச சார்! இல்லாங்காட்டி உன்னத்தான் டிரெய்லர்ல பூட்டியிருப்பேன்" என்று சிரித்தபடி அவர் ஏரிப் பக்கம் ஓட்டிச் சென்றார். பொழுது சாய்வதற்குள் சாக்குகள் வந்து சேர்ந்தன. கரை நின்றது, காலனியில் அன்று மாலை அடுப்புகள் எரிந்தன.

அதுவரை என் குரல் எவ்வளவு தூரம் போகிறது என்பதே எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த மழை விட்டதும், கேரியரும் மைக்கும் ஒரே குமிழில் சேர்ந்து குறையும்படி டிரான்ஸ்மிட்டரை மாற்றிக் கட்டினேன். இன்றுவரை எந்த அழைப்பையும் மிகக் குறைந்த திறனில்தான் தொடங்குகிறேன். பதில் வந்துவிட்டால் அதற்குமேல் கூட்டுவதில்லை.