சாமி இறங்கிய மைக்

கேரளத்திலேயே முதன்முதலாகத் தண்ணீரிலிருந்து கரண்டு எடுத்தது எங்கள் மலையூரான பள்ளிவாசலில்தான். பவர்ஹவுசுக்கு இறங்கும் பெரிய குழாய்களை நாங்கள் குடியிருக்கும் எஸ்டேட் லயத்து வாசலில் நின்றே பார்க்கலாம். அதனாலோ என்னவோ, கரண்டு எங்கள் வீட்டுப் பிள்ளை, நம்மை ஒன்றும் செய்யாது என்று இங்கே எல்லாருக்கும் ஒரு நினைப்பு. எனக்கு அது கொஞ்சம் அதிகம்.

என் பெயர் பாண்டீஸ்வரன். வயது நாற்பத்தெட்டு. டீ பேக்டரியில் இலை உலர்த்தும் மிஷின் பக்கத்தில் இருபத்திரண்டு வருஷமாக நிற்கிறேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் நான் பாடகன். நான்தான் அப்படிச் சொல்லிக்கொள்கிறேன். வேறு யாரும் சொன்னதாக ஞாபகமில்லை. ‘மலையருவி மெல்லிசைக் குழு’ என்று ஒன்று வைத்திருக்கிறேன். கீபோர்டு வாசிக்கச் சித்திரபுரத்திலிருந்து ஜின்சன் வருவான். அவன் அப்பா லைன்மேனாக இருந்தவர். பெண் குரலுக்கு என் மகள் மோனிஷா. காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். குழுவில் பாடத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். அதை நான் மேடையில் அறிவிப்பதில்லை.

எங்கள் ஆம்ப்ளிஃபையர் ஒரு பழைய இரும்புப் பெட்டி. பாலக்காட்டில் பழைய சாமான் கடையில் வாங்கினது. மைக்கை அதில்தான் நேராகச் செருகுவோம். ஆன் செய்ததும் ஒரு உறுமல் வரும், நிற்கவே நிற்காது. போன வருஷத் திருவிழாவில் நான் பாடியதை யாரோ போனில் பிடித்துப் போட்டிருந்தார்கள். அதன் கீழே ஒரு புண்ணியவான், “இவர் என்ன, மாவு மில்லுக்குள்ள நின்னு பாடுறாரா?” என்று கேட்டிருந்தார். எனக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை.

உறுமலுக்கு வைத்தியம் தேடி வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். ஒருவன் சொன்னான், பிளக்கைத் திறந்து உள்ளே இருக்கும் பச்சை ஒயரை வெட்டிவிட்டால் சத்தம் போய்விடும் என்று. இதை ஜின்சனிடம் சொன்னேன். அவன் மலையாளம் கலந்த தமிழில் பதறினான்.

“பாண்டியண்ணா, அது எர்த்து. அதை மட்டும் தொடாதே கேட்டோ. பெட்டிக்குள்ள ஏதாவது கோளாறு வந்தா கரண்டு மண்ணுக்குப் போற வழி அது ஒண்ணுதான். அந்த வழி இல்லேன்னா உன் வழியாப் போகும்.”

“சேச்சே, நான் தொடுவேனா?” என்றேன்.

பங்குனி மாதம் மாரியம்மன் திருவிழா. சனிக்கிழமை மத்தியானம், ஒருவரும் இல்லாத நேரம் பார்த்து பிளக்கைத் திறந்து பச்சை ஒயரை வெட்டினேன். ஆன் செய்து பார்த்தேன். உறுமல் பாதி குறைந்திருந்தது. மீதிப் பாதி என் குரல் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

எங்கள் மேடை கோயிலை ஒட்டியே போடுவது. அதனால் பாடுகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏற வேண்டும். கீழே சாக்கு விரித்திருந்தார்கள். சாயங்காலத்திலிருந்து விடாமல் பெய்த தூறலில் சாக்கு ஊறிக் கிடந்தது. முதல் பாட்டு அம்மன் பாட்டு. அதில் ஒரு இடத்தில் ‘தாயே’ என்று நீளமாக இழுக்க வேண்டும். இழுக்கும்போது மைக்கை உதட்டோடு உரசிக்கொள்வது நான் எங்கோ பார்த்துப் பழகிக்கொண்ட ஸ்டைல்.

உரசினேன். வாயில் யாரோ ஓங்கி அறைந்த மாதிரி இருந்தது. பல்லெல்லாம் கிடுகிடுவென்று ஆடியது. என் தொண்டையிலிருந்து நான் அதுவரை எட்டியே பார்க்காத ஒரு சுருதியில் சத்தம் வந்தது. கையும் காலும் உதற, ஸ்டாண்டையும் தள்ளிக்கொண்டு பின்னால் போய் விழுந்தேன்.

கீழே இருந்த பெண்கள் ஒரே குரலில் குலவை போட்டார்கள். பூசாரி சோலை தட்டோடு ஓடி வந்து என் நெற்றி நிறையத் திருநீறு அப்பினார். வேப்பிலையைக் கையில் திணித்தார். “ஆத்தா, தூறல் விடுமா?” என்று கேட்டார். நாக்கு மரத்துப் போயிருந்தது. தலையை மட்டும் ஆட்டினேன். கெட்ட நேரம், பத்து நிமிஷத்தில் தூறல் விட்டுவிட்டது.

ஜின்சன் குனிந்து என் காதில் மெல்லக் கேட்டான். “அண்ணா, ஷாக்கா?”

“சாமி விஷயத்துல நீ பேசாதே,” என்றேன். அவன் கிறிஸ்தவப் பிள்ளை. கோயில் காரியத்தில் வாயைத் திறக்கக் கூடாதென்று விலகிவிட்டான். அன்றைக்குக் கச்சேரியை அதோடு நிறுத்தி, பெட்டியையும் மைக்கையும் கோயிலுக்குள் வைத்துப் பூட்டினார்கள். மறுநாள் சாயங்காலம் மோனிஷா பாட்டோடு ஆரம்பிப்பது என்று முடிவானது.

எனக்குத் தெரியாமலில்லை. நன்றாகவே தெரியும். பச்சை ஒயரைத் திரும்ப மாட்டிவிடலாம், யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்துத்தான் படுத்தேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் குருவம்மாள் எலுமிச்சம்பழத்தோடு வாசலில் நின்றாள். நான் பாட ஆரம்பித்தால் கதவைச் சாத்துகிற பக்கத்து வீட்டுக்காரி அவள். “ஒங்களப் போயி என்னென்னமோ பேசிட்டேன், மனசுல வச்சுக்கிடாதீக,” என்று காலில் விழப் போனாள். அவளுக்குப் பின்னால் ஒரு பத்துப் பேர். பேக்டரியில் என்னை ‘டேய்’ என்று கூப்பிடும் சூப்பர்வைசர்கூட வந்து, தன் மகன் வேலை விஷயமாக வாக்குக் கேட்டார். நானும் கண்ணை மூடி, “நடக்கும்” என்றேன். இத்தனை வருஷம் பாடிக் கிடைக்காத மரியாதை ஒரு தடவை துள்ளி விழுந்ததில் கிடைத்துவிட்டது. அதை விட்டு எழுந்து போய் ஸ்குரூ டிரைவரைத் தேட எனக்கு மனசு வரவில்லை. சாயங்காலத்துக்குள் மாட்டிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன்.

என் மனைவி முருகேஸ்வரி மட்டும் நடுவில் ஒரு தடவை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“சாமி வந்தவுக எதுக்கு ஒதட்டுல தேங்கா எண்ணெய் தடவிக்கிட்டு இருக்கீக?”

“பனி வெடிப்பு,” என்றேன்.

சாயங்காலம் கோயிலுக்குப் போனால் பெட்டி ஏற்கெனவே மேடை ஏறியிருந்தது. என்னை மேடைக்குக் கீழே நாற்காலியில் உட்கார்த்தி மாலை போட்டார்கள். எழுந்திருக்கப் பார்த்தேன், “ஆத்தா வந்த ஒடம்பு, அலையக் கூடாது,” என்று நாலு பேர் தோளை அமுக்கி உட்கார வைத்தார்கள். அப்போது சோலை ஒரு காரியம் செய்தார். சாமி இறங்கிய மைக் அல்லவா? அதற்குச் சந்தனம் வைத்து, பூச்சுற்றி, ஒரு செம்பு மஞ்சள் தண்ணீரை வேப்பிலையால் தொட்டு மைக்குக்கும் ஸ்டாண்டுக்கும் சாக்குக்கும் தாராளமாகத் தெளித்தார். மீதியை மேடையிலேயே கொட்டினார்.

மோனிஷா செருப்பைக் கழற்றிவிட்டு அந்த ஈரச் சாக்கில் ஏறி நின்றாள். என்னை மாதிரி உரசுகிற வழக்கமெல்லாம் அவளுக்குக் கிடையாது. மைக்கை ஸ்டாண்டிலிருந்து கழற்றி இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துத்தான் பாடுவாள். எனக்கு ஸ்டாண்டில் இருந்தது, தள்ளிக்கொண்டு விழுந்து பிழைத்தேன். இறுக்கிப் பிடித்த கையைக் கரண்டு விடாது. அவளால் விடவே முடியாது. மைக் அவள் கைக்குப் போனது. பெட்டியை ஆன் செய்ய ஜின்சன் குனிந்தான்.

“தொடாத! போடாத!” என்று கத்தினேன்.

குலவை எழுந்தது. “ஆத்தா வந்துருச்சு!” என்று பிடித்திருந்த நாலு பேர் எட்டுப் பேரானார்கள். நான் கத்தக் கத்தக் குலவை ஏறியது. “சாமி இல்லய்யா, ஷாக்கு, ஷாக்கு,” என்று அலறினேன். சோலை என் வாயில் ஒரு பிடி திருநீற்றைப் போட்டு அதையும் அடைத்தார். மகள் மேடையில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முருகேஸ்வரி குலவை போடவில்லை. என் உதட்டைப் பார்த்தாள், மேடையைப் பார்த்தாள். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு நேராகப் போய், ஜின்சன் கையைத் தட்டிவிட்டு பிளக்கைப் பிடுங்கினாள்.

“அவுகள விடுங்க. என்ன சொல்லுதாகன்னு கேப்போம்.”

சத்தம் அடங்கியது. திருநீற்றைத் துப்பிவிட்டுச் சொன்னேன். பச்சை ஒயரை வெட்டினது நான்தான், நேற்று வந்தது சாமி இல்லை, ஷாக் என்று. மைக் இல்லாமல், உறுமல் இல்லாமல், என் குரல் கடைசி வரிசைவரை தெளிவாகக் கேட்டது அன்றைக்கு ஒரு நாள்தான்.

ஜின்சன் மோனிஷாவைக் கீழே இறக்கி, மைக்கைத் தனியே வைத்துவிட்டு, பிளக்கைச் செருகி டெஸ்டரைப் பெட்டியின்மேல் வைத்தான். டெஸ்டருக்குள் விளக்கு பளிச்சென்று எரிந்தது. குருவம்மாள் எழுந்து வந்து நான் மடியில் வைத்திருந்த எலுமிச்சம்பழத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனாள்.

மோனிஷா என் முன்னால் வந்து நின்றாள்.

“ஏப்பா, ஒனக்கு நேத்தே தெரியுமா?”

தெரியும் என்றேன்.

இப்போது ஊரில் எனக்குக் கரண்டு சாமி என்று பேர். சூப்பர்வைசர் ‘டேய் சாமி’ என்கிறார். பழைய பெட்டியை உடைத்துப் போட்டாயிற்று. புதுப் பெட்டி வந்து, மேடையில் ரப்பர் பாயும் போடுகிறோம். மோனிஷா இன்னும் என் குழுவில்தான் பாடுகிறாள். முன்பெல்லாம், “எல்லாம் சரியா இருக்கும்மா,” என்று நான் சொன்னால் போதும், மைக்கை எடுத்துவிடுவாள். இப்போது ஒவ்வொரு கச்சேரிக்கும் முன்னால் ஸ்குரூ டிரைவரை என் கையில் கொடுக்கிறாள். நான் பிளக்கைத் திறந்து காட்டுகிறேன். அவள் குனிந்து, பச்சை ஒயரைத் தானே ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் மேடை ஏறுகிறாள்.