கொலையாளியின் வசனத் தாள்

நாட்டின் தலைவர் கொழும்பில் கொல்லப்பட்ட வாரத்தில், கண்டியில் நான் ஒரு சரித்திர நாடகத்தை மேடையேற்ற ஆயத்தமாகிக்கொண்டிருந்தேன். அதன் மூன்றாம் அங்கத்தில் அரசன் வீதியுலாவின்போது குத்திக் கொல்லப்படுகிறான். எழுதியவனும் நெறிப்படுத்தியவனும் நானே. அப்போது நான் ஒரு கல்லூரியின் உப அதிபர். அதிபர் பதவிக்கு என் பெயர் பரிந்துரைக்கப்பட்டிருந்தது.

எங்கள் குழுவில் நடிகர்களுக்கு முழுப் பிரதி தரும் வழக்கம் இல்லை. அவரவர் பேசவேண்டியதை மட்டும் தனித்தாளில் என் கைப்பட எழுதிக் கொடுப்பேன். மனனம் செய்யாமல் ஒத்திகைக்கு வருபவரைத் திருப்பி அனுப்பிவிடுவேன். கொலையாளியாக நடிக்கவிருந்தவர் கலஹாவில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கிளார்க். கணீரென்ற குரல் உடையவர்.

மரணச் செய்தி வந்த மறுநாளே நாடகத்தைக் கைவிட்டேன். அந்தக் கிளார்க்குக்குச் சொல்லியனுப்பத் தவறினேன். அவர் ஒத்திகைக்கென்று பஸ் ஏறி, வாய்க்குள் வசனத்தை முணுமுணுத்தபடி வந்திருக்கிறார். துக்கத்துக்கு வெள்ளைக்கொடி கட்டிய பேராதனை வீதியில், சோதனைச் சாவடியில் பொலிசார் அவரை இறக்கி, சட்டைப்பையிலிருந்த தாளை எடுத்தார்கள்.

"வளைவில் தேர் திரும்பும். காவலர் இருபுறமும் நிற்பர். கூட்டத்தோடு கூட்டமாக நெருங்குவேன். ஒரே குத்துப் போதும்."

அரசனின் வசனம் ஒன்றுகூட அதில் இல்லை. நாடகம் என்று எண்ண அத்தாளில் எதுவுமே இல்லை.

அவருடைய மனைவி அம்பிட்டியவில் என் வீட்டுக்கு வந்தார்.

"சேர், நாடகம்னு அவரு சொல்றாரு, நம்ப மாட்டேங்கிறாங்க. எழுதிக் குடுத்தது யாருன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கிறாரு. நீங்க வந்து ஒரு வார்த்த சொன்னா விட்டுருவாங்க."

பொலிஸ் நிலையத்துக்குச் சென்றேன். தமிழ் பேசும் முஸ்லிம் அதிகாரி ஒருவர் கதிரை தந்து உட்காரவைத்து, தாளை என் முன் வைத்தார்.

"சேர், இது உங்கட எழுத்தா?"

"இல்லை."

"அப்ப இந்த நாடகம்?"

"அப்படியொரு நாடகம் நடைபெறவில்லை" என்றேன். சொல்லளவில் அது உண்மை.

"சரி சேர். உங்கள மாதிரி ஆள இதுக்குள்ள இழுக்கிறது எங்களுக்கும் வெக்கம்."

வெளியே அவருடைய மனைவி நின்றிருந்தார். விசாரித்து விடுவிப்பார்கள், பொறுமையாக இருங்கள் என்று கூறிவிட்டு நடந்தேன்.

அவரை ஐந்து மாதங்கள் தடுப்பில் வைத்திருந்தார்கள். வேலை போயிற்று. அந்த ஆண்டிலேயே நான் கல்லூரி அதிபரானேன்.

பின்னர் பிலிமத்தலாவையில் ஒரு பித்தளைக் கடைக்குள் நுழைந்தபோது, விற்பனையாளராக நின்றவர் அவர். துணியால் கதிரையைத் துடைத்துப் போட்டார்.

"ஒக்காருங்க சேர். உள்ள சும்மாதானே கெடந்தேன். தாள்ல இல்லாத ராசா வசனத்த எல்லாம் நானே கட்டிப் பேசிப் பாத்தேன். ஒங்க அளவுக்கு வரல" என்று சிரித்தார்.

நான் ஒரு குத்துவிளக்கின் விலையைக் கேட்டேன்.

இவ்வாண்டு அவர் காலமானார். கலஹாவில் நடந்த அஞ்சலிக் கூட்டத்தில் என்னை முன்வரிசையில் அமர்த்தினார்கள், பேசவும் அழைத்தார்கள். அவருடைய குரல்வளத்தைப் பற்றியும் ஒழுங்கைப் பற்றியும் பேசினேன். நன்றாகவே பேசினேன் என்று சிலர் வந்து சொன்னார்கள்.

புறப்படும்போது அவருடைய மனைவி வாசல்வரை வந்தார்.

"கடைசி வரைக்கும் யாருகிட்டயும் சொல்லல சேர். என்னையும் சொல்ல விடல. சேரோட பேரு கெட்டுறக் கூடாதுன்னாரு."

செருப்பை மாட்டிக்கொண்டேன். "பஸ்ஸுக்கு நேரமாச்சு, பாத்துப் போங்க" என்று அவரே முடித்துவைத்தார்.

அந்த எழுத்து என்னுடையது. அன்று சொல்ல வேண்டியதை இன்று, அவர் கேட்க முடியாத காலத்தில் எழுதுகிறேன். இதன் அடியில் என் பெயரை இடுவதற்கு இன்னும் கை வரவில்லை.