சந்தனத் தலைகளுக்கு நடுவே

ஓர் ஆடிக் கிருத்திகையன்று என் தம்பியைத் தொலைத்தவர்கள் இரண்டு பேர். அவன் மாமாவிடம் இருக்கிறான் என்று நைனா நினைத்தார். நைனாவிடம் இருக்கிறான் என்று மாமா நினைத்தார். ஒரு காரியத்துக்கு இரண்டு பெரிய மனிதர்கள் பொறுப்பேற்றால் என்ன ஆகும் என்பதை உலகம் பிற்பாடு எனக்குப் பலமுறை காட்டியிருக்கிறது. அதுதான் முதல் பாடம்.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணத்து ஜனங்கள் மூட்டை முடிச்சோடு திருத்தணியில் வந்து இறங்கிய வருஷம் அது. குண்டு விழாமலிருக்க அவர்களும் முருகனுக்கு முடி நேர்ந்துகொண்டார்கள். சரவணப் பொய்கைக் கரையில் நாவிதர்களுக்குக் கையொழியவில்லை. எனக்கும் தம்பிக்கும் அங்கேதான் மொட்டை போட்டு, சந்தனம் அப்பிவிட்டார்கள். கரை முழுக்க அதே மஞ்சள் தலைகள். எது எங்கள் வீட்டுத் தலை என்று கேட்டால் முருகனே கொஞ்சம் யோசித்திருப்பார்.

"உங்ககூடதானே பாவா வந்துகினு இருந்தான்?" என்றார் அம்மாவின் தம்பியான மாமா.

"நீதானேடா கையப் புடிச்சிகினு இருந்தே?" என்றார் நைனா.

அம்மா கூட்டத்துக்குள் நுழைந்தாள். குனிந்து குனிந்து ஒவ்வொரு மொட்டையாகத் திருப்பிப் பார்த்தாள். ஒரு பையனை இழுத்துக்கொண்டே வந்துவிட்டாள். அவன் நகரிப் பக்கத்துத் தெலுங்கில் அழுத பிறகுதான் விட்டாள். போகிற போக்கைப் பார்த்தால், கிடைத்தவன் போதும் என்று எவனையாவது வீட்டுக்குக் கூட்டிப்போய்விடுவார்களோ, நானே அப்படி வந்தவன்தானோ என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மாமா மட்டும் தேடவில்லை. பொய்கைத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். என்ன பார்க்கிறாய் என்று யாரும் அவரைக் கேட்கவில்லை.

திடீரென்று அம்மா தேடுவதை நிறுத்தினாள். என்னை இழுத்துக்கொண்டு மலைப்படி ஏறத் தொடங்கினாள்.

"புள்ளையக் காணோம், உனுக்கு இப்ப சாமி கேக்குதா?" என்று கத்திக்கொண்டே நைனா பின்னால் ஏறினார்.

பாதிப் படியில் ஒரு மண்டபம். ஊரே "அரோகரா" என்று மலையைப் பார்த்துக் கும்பிட, அம்மா சாமிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கீழே பார்த்தாள். சாமி குத்தமாகிவிடுமே என்று அவளுக்கும் சேர்த்து நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

"வழில நிக்கிறியேம்மா" என்றார் ஒரு காவடிக்காரர். அம்மா நகரவில்லை.

கீழே இருந்தபோது இடியும் வேர்வையுமாக இருந்த கூட்டம், இங்கிருந்து பார்த்தால் ஒழுங்காக ஓடுகிற வாய்க்கால் மாதிரி இருந்தது.

"அல்லாரும் இப்டி வந்துகினு இருக்காங்க. நவுராம நிக்கிறது எதுன்னு பாரு" என்றாள். என்னிடம் சொன்னமாதிரி இல்லை.

நாவிதர் வரிசையின் ஓரத்தில் ஒரு மஞ்சள் புள்ளி அசையாமல் நின்றது. நைனா மூச்சிரைக்க வந்து, திட்ட வாயைத் திறந்தார். அம்மா கையை நீட்டிக் காட்டினாள். திறந்த வாயோடு அவர் கீழே ஓடினார்.

தம்பி தன் முடியைத் திருப்பித் தரச் சொல்லி நாவிதரிடம் நின்றுகொண்டிருந்தானாம். "அது சாமிகிட்ட போயிடுச்சி கண்ணு" என்று அவர் சொல்லிப் பார்த்திருக்கிறார். முடி எதிரிலேயே குவிந்து கிடந்ததால் இவன் நம்பவில்லை.

நைனாவும் மாமாவுமாக அவனை மேலே கொண்டுவந்து விட்டபோது அம்மா அடிக்கவில்லை, அணைக்கவுமில்லை. கால் வலிக்கிறது என்று படியில் உட்கார்ந்துவிட்டாள். "உங்கக்காவுக்குப் பயமே கெடையாதுடா" என்றார் நைனா, மாமாவிடம்.

எனக்கு அந்தப் புகழ்ச்சியில் மனம் செல்லவில்லை. என் மணிக்கட்டில் அம்மாவின் விரல்கள் அத்தனையும் சிவப்பாகப் பதிந்திருந்தன. ஒரு வளையல் தடம் வேறு. தொலைந்தவன் அவன், தண்டனை எனக்கா என்று மாமாவிடம் நீட்டிக் காட்டினேன். அவர் அந்தக் கையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எனக்கு மட்டும் பொரி உருண்டை வாங்கிக் கொடுத்தார்.

என் பக்கத்து நியாயம் ஒருவருக்காவது புரிந்ததே என்று நான் அதைத் திருப்தியாகத் தின்றேன்.