தேர்வாய் கண்டிகை நோட்டில் ஒரு பெயர்

பதினாறாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ப்ராட்டஸ்டன்ட் மதத்தை விடமாட்டோம் என்றதற்காக எரிக்கப்பட்டவர்களின் கதைகளை ஒரு வரலாற்றாசிரியர் தேடித்தேடி எழுதிவைத்தார் என்று ஹிஸ்டரி மிஸ் சொன்னார். அவரைப் பற்றித் தமிழில் ஒரு புத்தகம் தேர்வாய் கண்டிகை பக்கம் ஒரு சர்ச் வாசகசாலையில் இருப்பதாகத் தோழி சொன்னாள். போன சனிக்கிழமை போனேன்.

வீட்டில் ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லியிருந்தேன். அப்பா கோயில் கைங்கர்யத்தில் இருப்பவர். சர்ச்சுக்குப் போனது தெரிந்தால் எனக்குக் கல்லூரி கிடையாது. என் அக்கா ஒருமுறை சொல்லாமல் சினிமாவுக்குப் போனாள்; அதோடு அவள் படிப்பு நின்றது. எல்லோரும் தூங்கியபின் இதை எழுதுகிறேன்.

திருவள்ளூரில் காலை 7.40க்குப் பேருந்து. ஊத்துக்கோட்டை சுமார் முப்பது கிலோமீட்டர், இருபத்தெட்டு ரூபாய். அங்கிருந்து ஷேர் ஆட்டோ, முப்பது ரூபாய். "சிப்காட் கம்பெனி கேட்டுக்கா?" என்றார் டிரைவர். சர்ச் என்றேன். "இன்னிக்கு சனிக்கெழமதானேம்மா" என்று சிரித்தார்.

வாசகசாலை ஒரே அறை. வாரவிடுமுறையில் அதைப் பார்த்துக்கொள்பவர் ரோசி அக்கா, சிப்காட்டில் ஒரு கம்பெனித் தொழிலாளி. வருகிறவர்கள் நோட்டில் பெயரும் ஊரும் எழுத வேண்டும். புதுப் பக்கம். மேரி, திருவள்ளூர் என்று எழுதினேன்.

அக்கா எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா மேரி, தலைப்புல ஸ்ரீ போட்டுக்கினு வந்துக்கிற?"

எங்கள் வீட்டில் எந்தப் புதுப் பக்கத்திலும் முதலில் ஸ்ரீ போடாமல் எழுதமாட்டோம். கை தானாகப் போட்டிருந்தது.

"பரவால்ல, மேரியாவே இரு. உங்க ஊர்லேந்து ஒருத்தர் கம்பெனிக்கு வராரு. ஞாயித்துக்கெழம இங்க பேப்பர் படிப்பாரு. நோட்ட பொரட்டாம போவமாட்டாரு."

யாரென்று கேட்டேன். எங்கள் பக்கத்துத் தெருக்காரர்.

மூன்று மணி நேரம் படித்தேன். அந்த வரலாற்றாசிரியர் உயிருக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடியவர். வெளிநாட்டில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்திப் பிழைத்துக்கொண்டே எழுதியிருக்கிறார். செத்தவர்களில் பிஷப்புகள் உண்டு, நெசவாளிகளும் வேலைக்காரப் பெண்களும் உண்டு. பயந்து தம் மதத்தை மறுத்துவிட்டுப் பிறகு அந்த மறுப்பைத் திரும்பப் பெற்றவர்களையும் அவர் எழுதாமல் விடவில்லை. சிலருக்குப் பெயர் கிடைக்காமல் 'ஒரு பெண்' என்று மட்டும் இருக்கிறது. அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்தேன்.

புறப்படும்போது நோட்டைக் கேட்டு வாங்கினேன். மேரியை அடித்துவிட்டு என் பெயரை எழுதினேன்.

"பேஜாராயிடும்டி," என்றார் அக்கா. நோட்டைப் பிடுங்கவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: ஒரு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். புத்தகத்தை வெளியே தரமாட்டார்கள். திரும்ப ஷேர் ஆட்டோவுக்கு முக்கால் மணி நேரம் நிற்க வேண்டியிருக்கும்.

நாளை ஞாயிறு இல்லை, வியாழன். ஞாயிறு வர நடுவில் இன்னும் மூன்று நாள் இருக்கிறது. போன ஞாயிறு அந்தப் பக்கத்துத் தெருக்காரருக்கு ஷிஃப்ட், நோட்டை இன்னும் பார்க்கவில்லை என்று தெரிந்துகொண்டேன். இங்கே என் பெயரைப் போடவில்லை. தெரிய வேண்டுமானால் அந்த நோட்டில், மேலே ஸ்ரீ போட்ட பக்கத்தைப் பாருங்கள்.